ரோட்ஸ் பழைய நகரில் அண்ணையின் பெயர்

என் அண்ணை எந்த வீட்டிலிருந்தும் சொல்லிக்கொண்டு புறப்பட்டதில்லை. கலியாணம், பிறந்தநாள், புதுவீட்டுக் குடிபூரல் எதுவென்றாலும் வருவார், ஒரு மூலையில் இருப்பார், சாப்பிடுவார். பிறகு பார்த்தால் கதிரை வெறுமையாக இருக்கும். எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் மட்டும்தான் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லாமல் எழும்பிப் போவார்கள். அங்கே அப்படிச் சொன்னால் இன்னொரு தரமும் அதே காரியத்துக்கு வரவேண்டியிருக்கும் என்று ஒரு பயம். "உங்களுக்கு எல்லா வீடும் செத்தவீடோ அண்ணை?" என்று எத்தனையோ தடவை முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். என் மகளின் கலியாணத்தன்று தாய்மாமனைப் படத்துக்குத் தேடினால், ஆள் வெளியே வீதியோரம் பஸ்ஸுக்கு நிற்கிறார். மூன்று கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். முதலில் வாய் நிற்காது, பிறகு வாய் திறக்காது.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒரு கிரேக்கத் தீவில் கிடந்தது என்று போன வருடம்தான் எனக்குத் தெரிய வந்தது.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் கப்பல் பயணம் ஒன்று பதிந்து தந்தாள். மத்தியதரைக் கடல், ஏழு நாள். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, கப்பலில் எத்தனை நேரம் சாப்பாடு போடுவார்கள் என்பது மட்டும்தான் அக்கறை. நான் அப்படியில்லை. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள். எதற்கும் லிஸ்ட் போடாமல் எனக்குக் கை ஓடாது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு ஊருக்கும் என்ன பார்க்க வேண்டும், கழிப்பறை எங்கே, என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். அதில் ரோட்ஸ் தீவுக்கு மட்டும் இரண்டு பக்கம். கோட்டை மதில் சூழ்ந்த பழைய நகரம், மாவீரர்கள் வாழ்ந்த தெரு, அரண்மனை, மணிக்கூட்டுக் கோபுரம். கப்பல் மதிலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்குமாம். காலை எட்டு மணிக்கு இறங்கினால் பின்னேரம் ஐந்துக்கு ஏறவேண்டும்.

இந்தச் செய்தி நாங்கள் இருக்கும் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஒஷாவாவுக்கும் போய்விட்டது. அங்கே எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட ஐந்து வயது இளையவள். அவளுடைய தமையனும் என் அண்ணையும் ஒரே வகுப்பு, ஒரே நாளில் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள். என் அண்ணை கனடாவுக்கு வந்து சேர்ந்தார். அவளுடைய தமையன் எங்கேயும் வந்து சேரவில்லை. துருக்கியில் பிரிந்துவிட்டோம், பிறகு தெரியாது என்று அண்ணை அந்தக் காலத்திலேயே அவர்களுக்கு எழுதியிருந்தார். அவளுடைய தாய் அந்தக் கடிதத்தை நம்பியே கண்ணை மூடினா.

தங்கச்சி தேடுவதை விடவில்லை. ஐரோப்பாவுக்கு ஆர் போனாலும் அவளிடமிருந்து ஒரு படம் வரும். மீசை அரும்பிய ஒரு பெடியன், கழுத்துப் பொத்தான் பூட்டிய சேட்டு. அவளுடைய வரவேற்பறைச் சுவரில் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவே அதே படம் மாலையில்லாமல் தொங்கும். அவர் இருந்தால் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார். எனக்கும் ஃபோனில் அந்தப் படத்தை அனுப்பிவிட்டு எடுத்துக் கதைத்தாள். "அக்கா, அந்தப் பக்கம் தமிழ் ஆக்களைக் கண்டால் ஒருக்கா காட்டிக் கேளுங்கோ. எங்கையாவது ஜெயில் மறியல்ல இருந்து வெளிய வந்திருந்தாலும் வந்திருப்பார்." நான் ஓம் என்றேன். எனக்கும் அவள்மேல் பாவமாக இருந்தது, கொஞ்சம் அலுப்பாகவும் இருந்தது. இப்போது நினைக்க அந்த அலுப்புக்காக வெட்கப்படுகிறேன்.

புறப்படுவதற்கு முதல் கிழமை ஸ்காபரோவில் அண்ணையின் அப்பார்ட்மென்றுக்குப் போனேன். பதினான்காம் மாடி. கலியாணம் கட்டாத மனிசன்; ஒரு கோப்பை, ஒரு பீங்கான், ஒரு கதிரை. எங்கள் வீட்டுத் திறப்பை அவரிடம் கொடுத்து, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லிக்கொண்டே என் கொப்பியை வாசித்துக் காட்டினேன். ரோட்ஸ் என்று வந்ததும் நிற்பாட்டச் சொன்னார். எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டார். அந்த ஒரு கோப்பையில் எனக்குத் தந்துவிட்டு, மரக்கறிக் கடை விளம்பரக் கடதாசி ஒன்றைத் திருப்பிப்போட்டு வழிப்படம் ஒன்று கீறத் தொடங்கினார். துறைமுகம். மதில் வாசல். ஒரு சின்னச் சதுக்கம், நடுவில் தண்ணீர்த் தொட்டி, அதன் உச்சியில் கல்லிலே ஒரு ஆந்தை. அதிலிருந்து மேலே ஏறும், சந்து மாதிரி ஒரு ஒழுங்கை. வீட்டுக்கு வீடு கல் வளைவு. மூன்றாவது வளைவுக்குப் பக்கத்து மாடியில் ஒரு அறை.

கோயிலுக்கு வழி கேட்டாலே இரண்டு சொல்லில் முடிக்கிற மனிசன் இப்படிக் கீறுகிறாரே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

"அவன் துருக்கியிலை பிரியேல்லை, பிள்ளை. இஞ்சைதான் செத்தவன்," என்று படத்தில் விரல் வைத்தார்.

பிறகு சொன்னார். துருக்கியிலிருந்து சின்ன வள்ளத்தில் நாலு பேரைக் கொண்டுவந்து அந்த அறையில் விட்டிருக்கிறான், களவாக ஆள் கடத்தும் ஏஜென்ற். எல்லாருடைய பாஸ்போட்டையும் முதலே வாங்கி, படத்தை உரித்து மாற்றி, ஆளாளுக்கு மாற்றிக் கொடுப்பது அவனுடைய வழக்கம். அண்ணைக்கு ஒரு மலேசியப் பாஸ்போட் கிடைத்தது. அண்ணையின் சொந்தப் பாஸ்போட்டில் சிநேகிதனின் படம் ஒட்டப்பட்டது. நாலாம் நாள் சிநேகிதனுக்கு வயிற்றுக்குத்து. ஹொஸ்பிற்றல் கொண்டுபோனால் எல்லாரும் பிடிபடுவோம் என்று ஏஜென்ற் மறித்தான். இரண்டு நாள் மறித்து, உடம்பு நெருப்பாகக் கொதித்த பிறகுதான் கொண்டுபோக விட்டான். குடல் வால் உள்ளுக்குள்ளே வெடித்துவிட்டதாம். அடுத்த நாள் மத்தியானம் ஏதென்சுக்குக் கப்பல். அண்ணை காலையில் ஹொஸ்பிற்றலுக்குப் போய்க் கட்டிலடியில் நின்று சொல்லியிருக்கிறார், "போட்டு வாறன்."

கட்டிலில் கிடந்தவர், "ஓம், கெதியா வா," என்று அவசரப்படுத்தினாராம்.

ஏதென்சில் ஒரு கிழமை கழித்து, ஆள் முடிந்துபோச்சு என்று ஏஜென்ற் சொன்னான். காசுக்குப் பொய் சொல்லுகிறவன்; இதுவும் பொய்யாக இருக்கலாம் என்று அண்ணை அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஹொஸ்பிற்றலில் இருந்த பாஸ்போட் அண்ணையின் பெயரில். அப்படியென்றால் பதிவின்படி அந்தத் தீவில் செத்தது அண்ணைதான். உண்மையைச் சொன்னால் தன் அகதிக் கேஸ் கவிழ்ந்துவிடும் என்று முதலில் பயம். கேஸ் சரிவந்த பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். அப்படியே முப்பத்தெட்டு வருடம்.

"உண்மையோ எண்டு ஒருக்கா பாத்துக்கொண்டு வா," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அந்தத் தங்கச்சியின் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறோம். அண்ணையும்தான் என்னோடு வந்து, அந்தப் படத்துக்கு நேரே இருந்து இடியப்பம் சாப்பிட்டிருக்கிறார். நீங்கள் மனிசனோ என்று கேட்டேன். அவர் கடதாசியை மடித்து என் கைப்பைக்குள் வைத்தார். அன்று நானும் சொல்லாமல்தான் எழும்பி வந்தேன்.

ரோட்ஸில் இறங்கியபோது வெயில் கண்ணைக் குத்தியது. மகள் சுற்றிக்காட்டும் ஆளுக்கும் காசு கட்டியிருந்தாள். பதினொரு மணி வரைக்கும் அந்தக் கூட்டத்தோடு போவோம், பிறகு அலுவலைப் பார்ப்போம் என்று இவரிடம் சொன்னேன். காசு வீணாகிவிடும் என்று காரணம் சொன்னேனே தவிர, உண்மையில் எனக்குப் பயம். சுற்றிப் பார்க்கும் நேரம் மட்டுமாவது அது தெரியாத விஷயமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வழிகாட்டி ஒரு மெலிந்த பெண், கையில் மஞ்சள் கொடி. மதில் வாசலுக்குள் நுழைந்ததும் காலடியில் கடற்கூழாங்கற்கள். நிலம் முழுக்க நிறுத்திப் பதித்த கற்கள். இவருடைய முழங்கால் அன்று பட்ட பாடு தனிக்கதை. மாவீரர் தெரு நேராக மேலே ஏறுகிறது. பல நாடுகளிலிருந்து வந்த வீரத் துறவிகள் மொழிக்கு ஒரு மடமாகப் பிரிந்து அங்கே வாழ்ந்தார்களாம். பிரெஞ்சுக்காரருக்கு ஒன்று, இத்தாலியருக்கு ஒன்று, ஆங்கிலேயருக்கு இன்னொன்று. மதிலைக் காக்கும்போதும் மொழிக்கு ஒரு பங்கு மதில். "எங்கடை ஊர்ச் சங்கங்கள் மாதிரி," என்று இவர் காதுக்குள் சொன்னார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

தெரு முடிவில் அரண்மனை. பழைய அரண்மனை வெடிமருந்து வெடித்துச் சிதறிப்போக, இத்தாலியர் ஆண்ட காலத்தில் திரும்பக் கட்டியதாம். போகிற இடமெல்லாம் மூலைக்கு மூலை கல் குண்டுகள் குவிந்து கிடந்தன, தேங்காய் அளவிலிருந்து பறங்கிக்காய் அளவு வரைக்கும். துருக்கிச் சுல்தான் ஆறு மாதம் முற்றுகையிட்டபோது வந்து விழுந்தவையும் அவற்றில் இருக்கின்றனவாம். கடைசியில் வீரர்கள் பணிந்தார்கள். சுல்தான் அவர்களைக் கொல்லவில்லை. சாமான்களோடு கப்பல் ஏறிப் போகவிட்டான். அவர்களோடு போக விரும்பிய ஊர்ச்சனமும் போனது. கதையை இவ்வளவோடு முடித்துவிட்டு வழிகாட்டி கொடியைத் தூக்கினாள். எழும்ப ஏலாமல் படுக்கையில் கிடந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க வாய் உன்னியது, கேட்கவில்லை.

ஆனால் அடுத்து அவள் கொண்டுபோனது வீரர்களின் பழைய ஹொஸ்பிற்றலுக்கு. இப்போது அது அருங்காட்சியகம். மேல்மாடியில் நோயாளர் படுத்திருந்த நீண்ட மண்டபம். நடுவே வரிசையாகக் கல் வளைவுகள், சுவரோடு சின்னச் சின்ன அறைகள். கட்டில்கள் இருந்த இடத்தில் வீரர்களின் கல்லறைக் கற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஆட்கள். குடும்பச் சின்னம், பெயர் எல்லாம் வெட்டிய கற்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள்.  நான் தேடி வந்தவன் செத்த ஹொஸ்பிற்றல் இதில்லை, அது புதுநகரத்தில் எங்கேயோ இருந்தது என்று தெரியும். தெரிந்தும் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கடைசியாகப் போனது யூதத் தெருவுக்கு. கடற்குதிரைகள் வைத்த ஒரு தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் கறுப்புக் கல். இரண்டாம் உலகப் போரில் அந்தத் தெருக்களில் வாழ்ந்த யூதர்களைக் கூட்டிச் சேர்த்துக் கப்பல் ஏற்றிக் கொல்லக் கொண்டுபோனார்களாம். திரும்பியவர்கள் கொஞ்சப் பேர். அவர்களின் குடும்பப் பெயர்களைத் தொழுகை வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றாள். பெயரையாவது எழுதினார்களே என்று இருந்தது.

கூட்டத்தை விட்டு விலகி ஆந்தைத் தொட்டியைக் கண்டுபிடித்தோம். அண்ணை கீறிய படம் பிசகவில்லை. ஒழுங்கை, ஒன்று, இரண்டு, மூன்றாவது வளைவு. பூமி நடுங்கினால் வீடுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள அந்த வளைவுகளைக் கட்டினார்களாம். மாடி அறை இப்போது சுற்றுலாக்காரருக்கு வாடகை அறை, யன்னலில் பூச்சாடி. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை யன்னலில் நின்று எனக்குக் கை காட்டியது. நானும் காட்டினேன்.

அதிலிருந்து ரக்சி பிடித்து, ஊராரைப் புதைக்கும் பொதுச் சவக்காலைக்குப் போனோம். மதிலுக்கு வெளியே, கொஞ்சத் தூரம். அலுவலகத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு மனிசி. அரைகுறை ஆங்கிலம். வருடத்தைச் சொன்னேன், இலங்கை என்றேன். அலுமாரியிலிருந்து பெரிய பதிவுப் புத்தகம் ஒன்றை எடுத்தா. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தி, எழுத்துக் கூட்டி வாசித்தா.

என் அண்ணையின் பெயர். அதோடு சேர்த்து எங்கள் அப்பாவின் பெயர்.

ஸ்காபரோவில் அது விடியும் நேரம், அண்ணை எழும்பி எங்கள் வீட்டுப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குளறி அழுதேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆர் உங்களுக்கு என்று மனிசி கேட்டா. என் சகோதரன் என்றேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவ எழும்பி வந்து என் கையைப் பிடித்தா.

குழியைக் காட்டச் சொன்னேன். அவ சங்கடப்பட்டா. அங்கே நிலம் குறைவு. புதைத்து மூன்று வருடத்தில் கிண்டி எலும்பை எடுத்துவிடுவார்களாம். வீட்டார் வந்தால் வைனில் கழுவிப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். ஒருவரும் வராவிட்டால் பொதுக்கிடங்கு. சைப்பிரஸ் மரங்களுக்குக் கீழே ஒரு சீமெந்து மூடியைக் காட்டினா. எங்கள் பெடியனுக்குக் கொள்ளியும் இல்லை, சாம்பலும் இல்லை, மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு குழியும் இல்லை. கைப்பையில் இருந்த விபூதிச் சரையை விரித்து அந்த மூடியில் தூவினேன். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுடுகிற நிலத்தில் வெறுங்காலோடு நின்றார். அப்படியொரு மனிசன் என்று முப்பது வருடத்தில் எனக்குத் தெரியாது.

பெயரையும் திகதியையும் மனிசி ஒரு துண்டில் கிரேக்க எழுத்தில் எழுதி முத்திரை குத்தித் தந்தா. ஐந்து மணி தாண்டிக் கப்பல் வெளிக்கிட்டது. மதில் சிறுத்துப்போவதை மேல்தட்டில் நின்று பார்த்தேன். நாங்களும் அவரை விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாம் நாள் அந்தத் துண்டை அண்ணையின் கையில் வைத்தேன். அவருக்குக் கிரேக்கம் தெரியாது, ஆனால் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒஷாவாவுக்குப் போகிறோம் என்றேன். நீ போய்ச் சொல்லு பிள்ளை என்றார். செய்தது நீங்கள், சொல்லுறதும் நீங்கள்தான் என்றேன். அவர் வராவிட்டால் இனி அவருடைய வாசல்படி மிதிப்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

வந்தார். 401 நெடுஞ்சாலையில் போகும் வழியெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி வடை சுட்டு வைத்திருந்தாள். கப்பல் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு, குரலைத் தணித்து, "ஆரையும் கண்டனீங்களோ அக்கா?" என்றாள்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கதிரையின் நுனிக்கு வந்தார். அறை, பாஸ்போட், வயிற்றுக்குத்து, தன் பெயர், தான் எழுதிய பொய்க் கடிதம் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை, தனக்காக ஒரு காரணமும் சொல்லவில்லை. துண்டை மேசையில் வைத்தார். தங்கச்சி அதைத் தொடவில்லை. அடுப்பில் எண்ணெய் புகைந்த மணம் வந்தது. நான் எழும்பிப்போய் நிற்பாட்டிவிட்டு வந்தேன்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கடைசியிலை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்களோ?"

இருந்தேன் என்று ஒரு சொல் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணை அதைச் சொல்லிவிடுவாரோ என்று நான் அவரையே பார்த்தேன். சொல்லட்டுமே என்றும் நினைத்தேன்.

"இல்லை. 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுக் கப்பல் ஏறினனான். கெதியா வா எண்டவன். நான் போகேல்லை," என்றார்.

தங்கச்சி அழுவாள், ஏசுவாள், வெளியே போங்கோ என்பாள் என்றெல்லாம் எண்ணினேன். அவள் கதிரையில் ஏறி, பிள்ளைகளின் படங்களுக்கு நடுவிலிருந்த தமையனின் படத்தைக் கழற்றினாள். சீலைத் தலைப்பால் தூசி துடைத்தாள். சுவாமி அறையில் தாயின் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து விளக்குக் கொளுத்தினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அண்ணை அந்த அறை வாசலில் கைகட்டி நின்றார், உள்ளே காலடி வைக்கவில்லை.

அரை மணித்தியாலத்தால் வெளிக்கிட்டோம். அது இப்போது செத்தவீடு. ஆகவே நானும் வாய் திறக்கவில்லை. அண்ணை வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் வாசலில் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினார். கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"அண்ணை, நீங்கள் சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவர் திரும்பவில்லை.  கதவைப் பார்த்தபடியேதான் சொன்னார். முப்பத்தெட்டு வருடம் சொல்லாத சொல்.

"போட்டு வாறன்."

 அவருடைய அப்பார்ட்மென்ற் வாசலில் இறக்கிவிட்டேன். அடுத்த கிழமை வேலைகளில் போய்விட்டது. ஞாயிறு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. ஒஷாவா இலக்கம். ஈரக்கையோடு எடுத்தேன். தங்கச்சிக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா," என்றாள். "அண்ணை சொன்னபடி வந்து நிக்கிறார்."